எண் தீர்ந்துபோன பதிவேடு

மாப்பிள்ளைக்கு சர்வர் பராமரிக்கும் வேலை. பொங்கலுக்குப் புதுச்சேரி வந்தவர் நடுராத்திரி வரை லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தார். பல லினக்ஸ் சர்வர்கள் சேர்ந்து பயன்படுத்தும் ஓசிஎஃப்எஸ்2 வால்யூம் ஒன்றை 20 டெராபைட்டாகப் பெருக்கினார்களாம். இப்போது மவுண்ட் ஆகவில்லை. பிரெஞ்சில் படித்த எனக்கு பைட் என்றால் 'ஒக்தே'. அது கிடக்கட்டும். "எல்லாம் போச்சா?" என்றேன்.

"டேட்டா பத்திரமாத்தான் இருக்கு மாமா. ஜர்னல்தான் தடுக்குது."

டிஸ்க்கைத் துண்டு துண்டாகப் பிரித்து எண் கொடுத்திருப்பார்கள். எந்தத் துண்டில் எழுதப்போகிறோம் என்று முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடுதான் ஜர்னல். அதில் எண்ணுக்கு 32 பிட் இடம். சுமார் 429 கோடி எண்களோடு சரி. துண்டுக்கு 4 கிலோபைட் என்றால் 16 டெராபைட்டில் எண் தீர்ந்துவிடும். அதனால்தான் ஏற்றிக்கொள்ள மறுக்கிறது.

எங்கள் அலுவலக நம்பரிங் மிஷின் மறுக்கவில்லை. நான்கு இலக்கம், 9999 முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. நானும் குத்திக்கொண்டே போனேன். கணவரை இழந்த ஓர் அம்மாளின் பென்ஷன் கோப்பு, அதே எண்ணுள்ள வேறொரு கட்டில் சேர்ந்துவிட்டது. வாரம் தவறாமல் வந்து நிற்பார். "பார்க்கிறோம் அம்மா" என்பேன்.

மாப்பிள்ளை எல்லா சர்வரிலும் அன்மவுண்ட் செய்து, ஜர்னலுக்கு பிளாக்64 வசதியைச் சேர்த்தார். மவுண்ட் ஆயிற்று. அந்த அம்மாளின் கோப்பு என் கையில் அகப்பட மூன்று மாதம் ஆனது.