விரல் நுனியில் ஒரு வழக்கு

கல்பாக்கத்து அணுநிலையப் பணியாளர்க்கென எழுந்த அணுபுரத்தை அடுத்த சிற்றூரில், பிள்ளைகளுக்கு வரலாறும் குடிமையியலும் கற்பிப்பது நம் தொழில். கல்லூரியில் நாம் பயின்றது அரசியல் தத்துவம். கிருமியும் கருவியும் நமக்குப் புறம்பானவை என்றே இருந்தோம். அந்த எண்ணத்தை உடைத்தது 2021 மே மாதத்து ஓர் இரவு.

ஆயாவுக்குக் காய்ச்சல். கறுத்த மேனி, கடற்கரை வெயிலில் காலமெல்லாம் கருவாடு உலர்த்திய கை. மூச்சு இரைத்தது. அழைத்துச் சென்ற இடத்தில் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினர். 95 என்றது. "எண் நன்றாகத்தான் இருக்கிறது, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்றனர். ஆயாவோ, "எண்ணு கெடக்கட்டும்டா, எனக்கு மூச்சு முட்டுதே" என்றாள். கருவி சொல்வதை நம்புவதா, கிழவி சொல்வதை நம்புவதா? படித்த நாம் கருவியின் பக்கம் நின்றோம்! வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம். விடியுமுன் வேறோர் இடத்தில் இரத்தத்தை நேரே எடுத்துச் சோதித்தபோதுதான் உயிர்வளி எவ்வளவு குறைந்திருந்தது என்பது தெரிந்தது. பதினோரு நாள் குழாயோடு கிடந்து மீண்டாள்.

அவள் நிறத்தால்தான் கருவி பொய்த்தது என்று நாம் சாதிக்கப் போவதில்லை. குளிர்ந்த விரலும் அதை ஏய்க்கும். இடையில் சில மணி நேரமும் கழிந்திருந்தது. ஒரு விரலை வைத்துத் தீர்ப்பு எழுதுவது பகுத்தறிவாகாது. ஆனால் ஐயம் எழுந்தது, தேடினோம்.

1974-இல் சப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி வெளியிட்ட கருத்து இது: உயிர்வளி ஏந்திய இரத்தம் சிவப்பொளியைக் குறைவாகவும், இழந்த இரத்தம் மிகுதியாகவும் விழுங்கும். சிவப்பும் அகச்சிவப்புமாக ஈரொளியை விரலில் பாய்ச்சி, நாடித் துடிப்போடு மாறும் பகுதியை மட்டும் கணக்கிட்டால் அளவு கிடைத்துவிடும். தோல் துடிப்பதில்லை; ஆகவே தோலின் நிறம் கணக்கில் நுழையாது என்பது ஏட்டுக் கணக்கு. நாட்டு நடப்போ வேறு! 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மை அளவு 88-க்கும் கீழே கிடந்தது வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கறுப்பரில் 11.7 விழுக்காடு. கறுத்த தோலில் கருவி மிகைப்படுத்துகிறது என்று 2005-லேயே ஆய்வாளர் எழுதியிருந்தனர். பதினைந்து ஆண்டுகள் யார் உறங்கினர்?

அதே இரவில் ஆயாவின் மூக்கில் பஞ்சுக் குச்சியும் விட்டனர். ஏறத்தாழ 30,000 எழுத்துகளால் ஆன ஆர்.என்.ஏ. அந்தக் கிருமியின் ஏடு. 1970-இல் டெமினும் பால்ட்டிமோரும் தனித்தனியே கண்ட நொதி அதை டி.என்.ஏ.வாகப் பெயர்க்கிறது, பிறகு சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பு, முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடிக்கு மேல்! மேனியின் நிறத்தை இந்தச் சோதனை கேட்பதே இல்லை. (1986-இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் எச்.ஐ.வி.யைக் கண்டறிந்தபோது, 'நம் பண்பாட்டில் அது நுழையாது' என்றிருந்த வீண் பெருமையும் இவ்வாறே இரத்தத்தின் முன் பொடியாயிற்று.)

ஒளிக்கருவிக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை? ஒளி குற்றவாளி அன்று. 2013-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் வகுத்த வழிகாட்டுதலைப் பாருங்கள்: பத்துப் பேரிடம் சோதித்தால் போதும், அவருள் இருவர் கருநிறத்தவராக இருந்தால் போதும்! 1971-இல் சான் ரால்ஸ் ஒரு திரையைக் கற்பனை செய்தார். அதன் பின்னே நிற்பவர்க்குத் தாம் எக்குடியில், எந்நிறத்தில் பிறப்போம் என்பது தெரியாது. அந்நிலையில் விதி செய்யுங்கள் என்றார். அத்திரைக்குப் பின் நின்றவர் எவராவது 'இருவர் போதும்' என்று எழுதியிருப்பாரா? 2025 சனவரியில்தான் இன்னும் விரிந்த சோதனை கேட்கும் வரைவு வந்தது.

நம் கல்பாக்கத்திலேயே, இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார், திரவ ஈலியத்தில் −269 பாகைக் குளிரில் இயங்கும் ஸ்குவிட் உணரிகளால் இதயத்தின் காந்தப்புலத்தை அளக்கும் கருவி செய்திருக்கின்றனர். பூமியின் புலத்தில் ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அது. காந்தத்திற்குத் தோலின் நிறம் தடையில்லை. ஆனால் அதை ஆயாவின் குடிசைக்குத் தூக்கி வர இயலுமா? குடிசைக்கு வருவது விரல்கருவிதான்.

சென்ற மாதம் அக்கருவியை வகுப்புக்கு எடுத்துச் சென்றோம். பிள்ளைகள் வரிசையாக விரல் நீட்டினர். பதிவேட்டில் எண்கள் ஏறின. கடைசி இருக்கைச் சிறுவன் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதை எங்களமாதிரி விரல்ல வச்சுப் பாத்துட்டுத்தான் வித்தாங்களா?" என்றான். பெட்டியைப் புரட்டினோம். விலை இருந்தது, மின்கலத்தின் அளவு இருந்தது. அவன் கேட்டது இல்லை.