நுவரெலியாவில் ஒரு விடியற்காலை

தை மாதத்து விடியற்காலை. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவின் புற்றரையில் உறைபனி படிந்திருந்தது. 1873ஆம் ஆண்டிலே அமைக்கப்பெற்ற கிறகரி வாவியை மூடுபனி மறைத்திருந்தது.

றம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்க எண்ணிய எங்களை எங்கள் பழைய மோட்டார் சைக்கிள் புறப்பட விடவில்லை. சோக்கை மூடி உதைத்தால் இயங்கும். சோக்கைத் திறந்து அக்சிலேற்றரைத் தளர்த்தியதும் அணைந்துவிடும். முதல்நாள் ஏற்றத்தில் அக்சிலேற்றரைத் திருகியபடியே வந்தமையால் இக்குறை எமக்குப் புலப்படவில்லை.

குளிரிற் பெற்றோல் எளிதில் ஆவியாகாது. ஆதலால் தொடக்கத்தில் அது மிகுதியாக வேண்டும். ஆனால் சூடேறிய பின்னும் அணைவானேன்? ஓய்வு வேகத்தைக் கூட்டும் திருகை முறுக்க முனைந்தோம்.

"நோயை மறைக்காதீர்கள், ஐயா, இறக்கத்து வளைவில் இது உங்களைக் கைவிட்டுவிடும்" என்று தடுத்தார் அயலிலிருந்த முதிய மெக்கானிக். "மலையிற் காற்று ஐது. பெற்றோல் மிகவேண்டிய இடத்திற் குறைகிறதென்றால், அது வரும் வழி அடைபட்டிருக்கிறது."

காபரேற்றரைக் கழற்றி, ஓய்வு வேகத்திற்குப் பெற்றோல் ஊட்டும் பைலற் ஜெற்றை வெளிச்சத்திற்கு நேரே பிடித்தார். மயிரிழை போன்ற துளையில் ஒளியே தெரியவில்லை. நெடுநாள் தேங்கிய பெற்றோலின் பிசின் அடைத்திருந்தது. கம்பியாற் குத்தினால் துளை பெருத்துவிடுமென்று, தின்னரில் ஊறவைத்துச் சைக்கிள் பம்பினால் ஊதினார். இயந்திரம் சூடேறிய பின்னரே காற்றுத் திருகைச் சீர்செய்தார்.

றம்பொடை வளைவுகளில் அக்சிலேற்றரை மூடியபோதெல்லாம் இயந்திரம் அணையாது சீராக ஓடியது. மலைநாட்டுப் பயணத்திற்கு ஏறும் வலிமை மட்டும் போதாது. நின்ற இடத்தில் அணையாதிருக்கும் தன்மையையும் வீட்டு வாசலிலேயே சோதித்தல் வேண்டும்.