கல்முனைக் கந்தோரில் கணினிப் பாடம்

மட்டக்களப்பு நகரில் பேருந்து ஏறித் தெற்கு நோக்கிச் சென்றால், ஒரு புறம் கடலும் மறுபுறம் வாவியும் வயலுமாகக் கண்ணுக்குச் சலிப்புத் தராத பிரயாணம் வாய்க்கும். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும். கைத்தறிக்குப் பெயர் பெற்ற மருதமுனையும், திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்குப் பெயர் பெற்ற பாண்டிருப்பும் கடந்தால் கல்முனை. நாகூர் ஆண்டகையின் நினைவாகக் கொடியேற்றம் நிகழும் கடற்கரைப் பள்ளியும் இங்கேதான் உள்ளது. வணங்கும் முறை வேறானாலும், வழங்கும் மொழி தமிழ் ஒன்றே.

2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலிருந்து நண்பர் இருவராக நாங்கள் இவ்வூருக்குச் சென்றோம். ஊர் பார்ப்பதன்று எங்கள் நோக்கம். அரசாங்க உத்தியோகத்தர்களுக்குக் கணினியின் அரிச்சுவடியை ஊதியமின்றிக் கற்பிக்கும் தொண்டர்களாகப் போனோம்.

இத்தகைய தொண்டு புதிதன்று. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1970ஆம் ஆண்டிலேயே தொண்டர் திட்டம் ஒன்றை அமைத்தது. 2000ஆம் ஆண்டில் அன்றைய பொதுச் செயலாளர் கோபி அன்னான், கணினி அறிந்தோரை வளரும் நாடுகளுக்கு அனுப்பும் தனித் திட்டமொன்றை முன்மொழிந்தார். மருத்துவரும் பொறியியலாளரும் மட்டுமே வெளிநாட்டுத் தொண்டுக்கு உரியவர் என்றிருந்த எண்ணம் அதன்பின் மாறியது. கடிதம் தட்டெழுதவும் பட்டியல் தயாரிக்கவும் கற்றுத் தருவதும் தொண்டே என்று உலகம் உணர்ந்தது.

கல்முனையில் அத்தொண்டின் தேவை எத்தகையது என்பதை முதல் வாரத்திலேயே கண்டோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவர்களுள் 10,000க்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தினர். மாவட்டங்களுள் இதுவே மிகப் பெரிய இழப்பு. உயிர்களோடு வீடுகளும், அவ்வீடுகளில் இருந்த பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதிகளும் நீரோடு போயின. தாம் யார் என்பதையே தாளில் எழுதி நிரூபிக்கவேண்டிய நிலை மக்களுக்கு வந்தது. அத்தகைய ஊரில், ஒரு கடிதம் சரியாகப் போய்ச் சேர்வது சிறிய காரியமன்று.

எங்கள் வகுப்பில் பன்னிருவர். இலிகிதர்கள், கள உத்தியோகத்தர்கள், ஒரு தட்டெழுத்தாளர். முதல் நாள் சுட்டியைப் பிடிக்கவே பலருக்கும் கை நடுங்கிற்று. கைப்பழக்கத்துக்காகக் கணினியிலுள்ள சீட்டாட்டத்தைத் திறந்து காட்டினோம். "அரசாங்கக் கந்தோரில சீட்டாட்டமா, தம்பி?" என்று ஒருவர் கேட்க, அறை முழுவதும் சிரித்தது. உடனே அதை மூடிவிட்டுப் படம் வரையும் பலகையைத் திறந்தோம். மறுநாள் தென்னை மரமும் தோணியும் திரையில் முளைத்தன. மதியத் தொழுகைக்கு இடைவேளை. வெள்ளிக்கிழமை அரைநாளே வகுப்பு. மாலையில் யாரேனும் ஒருவர் வீட்டில் எருமைத் தயிரும் பாணியும் எங்களுக்காகக் காத்திருக்கும்.

ஒருநாள் மருதமுனையிலிருந்து ஒரு தாய் வந்தார். அவர் பொருட்டு இக்கந்தோர் மின்னஞ்சலில் அனுப்பிய தமிழ்க் கடிதத்தை, மறுமுனையில் இருந்த மற்றோர் அலுவலகம் வாசிக்க முடியவில்லை என்று திருப்பியிருந்தது. அவர் வருவது அது மூன்றாம் முறை. கடிதத்தைத் திறந்து பார்த்தோம். பொருளற்ற ஆங்கில எழுத்துகளே நிறைந்திருந்தன.

காரணம் எளிது. இலங்கையில் பரவலாக வழங்கிய 'பாமினி' எழுத்துருவில் அக்கடிதம் அமைந்திருந்தது. அவ்வகை எழுத்துருவில் கணினி உள்ளே சேமிப்பது ஆங்கில எழுத்துகளையே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உடை அணிவிக்கிறது. 'தமிழ்' என்று நாம் எழுதினால், உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். மறுமுனையில் அந்த உடை இல்லையேல், தமிழ் மறைந்து உள்ளிருப்பது வெளிப்பட்டுவிடும். 1991ஆம் ஆண்டு முதல் வெளிவந்த யுனிகோடு முறையில் இவ்விடரில்லை. அதில் தமிழுக்கென்றே தனி எண்கள் உள்ளன. எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் சட்டம் தந்த உரிமை ஓர் எழுத்துருவில் வந்து சிக்கிக்கொள்ளக் கூடும் என்பதை அன்று கண்டோம்.

அன்றே யுனிகோடு பாடத்தைத் தொடங்கினோம். இங்கேதான் எங்கள் அறியாமை வெளிப்பட்டது. நாங்கள் அறிந்தது தமிழ்நாட்டின் 'தமிழ் 99' விசைப்பலகை. இலங்கையின் தரமோ, பழைய தட்டச்சுப் பொறியின் வழிவந்த 'ரெங்கநாதன்' விசைப்பலகை. ஒவ்வோர் எழுத்தையும் தேடித் தேடி நாங்கள் தடுமாறினோம். இளைய உத்தியோகத்தர்களும் தடுமாறினர்.

ஓய்வுபெற ஓராண்டே எஞ்சியிருந்த அந்தத் தட்டெழுத்தாளர் அதுவரை வாய் திறந்தவரல்லர். கணினி வந்தபின் தம் தொழில் செத்தது என்றெண்ணிக் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தவர். மெல்ல எழுந்து வந்து விசைகளின் மீது விரல்களை வைத்தார். இளமையில் கற்ற வித்தை விரல்களில் உறங்கிக் கிடந்தது போலும்! திரையைப் பாராமலே ஒரு முழுப் பத்தியை அடித்து முடித்தார்.

"இது என்ட பழைய மெசின்தானே, தம்பி!" என்றார்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா சென்று தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய முத்தையா, அதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

மறுநாள் முதல் விசைப்பலகை வகுப்பு அவருடையதாயிற்று. நாங்கள் முன்வரிசை மாணவர் ஆனோம். எழுத்துப் பிழையைக் கண்டால் பழைய வாத்தியாரைப் போலவே கடிந்துகொண்டார். அந்தத் தாயின் கடிதத்தை அவரே மீண்டும் யுனிகோடில் அடித்தார். பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் அத்தாயிடமே கேட்டுச் சரிபார்த்து அனுப்பினார். நான்காம் நாள் மறுமுனையிலிருந்து பதில் வந்தது, தமிழில். அச்சிட்ட தாளைக் கையில் வாங்கிய தாய் அதை உடனே மடிக்கவில்லை. நின்ற இடத்திலேயே முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார்.

கல்முனைக்குத் தெற்கே சில கல் தொலைவில் காரைதீவு. 1892ஆம் ஆண்டில் சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர். இக்கரையில் தோன்றிய அவர் கடல் கடந்து வந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931ஆம் ஆண்டு முதல் கற்பித்தார். 1947ஆம் ஆண்டில் யாழ்நூலை நமக்கு அளித்துச் சென்றார். ஊருக்குத் திரும்பும் முன் காரைதீவில் நின்றபோது, தமிழ்நாடு இக்கரைக்குப் பட்ட கடனில் ஒரு துளியையேனும் திருப்பித் தந்தோம் என்று எண்ணிக்கொள்ள ஆசையாக இருந்தது. ஆனால் உண்மை அதுவன்று. இம்முறையும் கடன் கொண்டு திரும்பியவர்கள் நாங்களே.

மாணவ நண்பர்கள் எவரேனும் இத்தகைய தொண்டுக்குச் செல்ல விரும்பினால் ஒன்று சொல்வோம். கற்பிக்கத் தொடங்கும் முன், அவ்வூரார் முன்பே அறிந்திருப்பது யாது என்று கேட்டறியுங்கள். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரிடம் முதலில் கேளுங்கள்.