கொரிய மன்னர் துயிலும் குன்றுகள்

ஒரு நாட்டு மக்களின் உள்ளத்தை அறிய விரும்புவோர் அவர்களுடைய அரண்மனைகளை மட்டும் பார்த்துத் திரும்பிவிடலாகாது. அவர்கள் தம் இறந்தோரை எங்கே, எவ்வாறு அடக்கம் செய்தனர் என்பதையும் காண வேண்டும். தென் கொரியாவின் தலைநகராகிய சியோலுக்குச் செல்வோர்க்கு இந்த வாய்ப்பு எளிதிற் கிட்டுகிறது.

1392 முதல் 1910 வரை கொரியாவை ஆண்டது ஜோசோன் அரச மரபு. அம்மரபின் அரசர், அரசியருடைய கல்லறைகள் மொத்தம் 42. இவற்றுள் இரண்டு இன்று வட கொரியாவில் உள்ளன. தெற்கே 18 இடங்களில் அமைந்துள்ள ஏனைய நாற்பதையும் 2009-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் செல்வங்களாக ஏற்றுக்கொண்டது. வானளாவிய கோபுரமோ, பொன் வேய்ந்த மண்டபமோ இங்கே இல்லை. புல் போர்த்திய மண்மேடு, அதைக் காக்கும் சில கற்சிலைகள், கீழே ஒரு மரமண்டபம், சுற்றிலும் பைன் மரக்காடு, இவ்வளவே.

இடந்தேர்ந்த முறை

அரசர் ஒருவர் இறந்தால் முதலில் இடம் பார்ப்பர். பின்னால் மலை, முன்னால் நீரோடை, இருபுறமும் அணைத்தாற்போல் குன்றுகள் அமைந்த இடமே நல்லிடம் என்பது அவர்கள் நம்பிக்கை. தலைநகரிலிருந்து பத்து 'ரி'க்கு அப்பாலும் நூறு 'ரி'க்கு உள்ளாகவும், அதாவது ஏறத்தாழ 4 முதல் 40 கிலோமீட்டர் தொலைவிற்குள், கல்லறை அமைய வேண்டும் என்பது விதி. அடுத்து வரும் அரசர் சென்று வணங்கி அன்றே அரண்மனைக்குத் திரும்ப இது வசதியாயிற்று.

சியோலுக்குக் கிழக்கே குரி நகரிலுள்ள டோங்குருங் தோப்பில் மட்டும் ஒன்பது கல்லறைகள் உள்ளன. அவற்றுள் மூத்தது, மரபை நிறுவிய தேஜோ மன்னருக்கு 1408-இல் அமைக்கப்பட்டது. மற்ற மேடுகளில் புல் குட்டையாக வெட்டப்பட்டிருக்க, இம்மேட்டில் மட்டும் நாணல் போன்ற நெடும்புல் காற்றில் அலைகிறது. சொந்த ஊரான ஹாம்ஹுங்கில் துயில விரும்பிய தந்தைக்காக அவ்வூர் மண்ணையும் புல்லையும் மகன் கொணர்ந்தான் என்பது வழிவழி வரும் செய்தி. ஆண்டுக்கு ஒரே முறை, இளவேனிற் காலத்தில் இப்புல்லை வெட்டுகின்றனர்.

இரு பாதைகள்

எந்தக் கல்லறைக்குச் சென்றாலும் நாம் நடக்கும் வழி ஏறக்குறைய ஒன்றே. சிறு பாலத்தைக் கடந்ததும் கூரையில்லாத செந்நிற வாயில் ஒன்று நிற்கிறது. அதற்கப்பால் புனித நிலம். கல் பாவிய இரு பாதைகள் அங்கிருந்து அருகருகே செல்கின்றன. இடப்புறம் உயர்ந்திருப்பது இறந்தவருக்கு நறுமணத் தூபம் ஏந்திச் செல்லும் பாதை. வலப்புறம் சற்றுத் தாழ்ந்திருப்பது உயிருள்ள அரசர் நடக்கும் பாதை. நாடாளும் மன்னரும் தம் முன்னோர்க்கு ஒருபடி கீழேதான் நடந்தார்!

பாதை ஆங்கில 'டி' எழுத்தின் வடிவிலுள்ள மண்டபத்தை அடைகிறது. கிழக்கே ஏறி மேற்கே இறங்குவது முறை. கிழக்கில் படிவரிசைகள் இரண்டு. ஒன்று ஆவிக்கு, மற்றொன்று அரசருக்கு. மேற்கிலோ ஒன்றுதான். ஏறிவந்த ஆவி படையலை ஏற்றபின் மண்டபத்தின் பின்வழியே தன் மேட்டிற்குச் சென்றுவிடுமாம். ஆகவே அதற்கு இறங்கு படி வேண்டியதில்லை.

குன்றின் உச்சியில் மூன்று புறமும் மதில் சூழ, அரசர் துயிலும் வட்டமேடு இருக்கிறது. கல்லாலான ஆடுகளும் புலிகளும் மேட்டிற்கு முதுகு காட்டி, வெளியே நோக்கிக் காவல் புரிகின்றன. முன்னேயுள்ள கற்பலகை உணவு படைப்பதற்கன்று. ஆவி வெளிவந்து இளைப்பாற இட்டது என்பர். அதற்கு முன்னே கல்விளக்கு. அடுத்த தளத்தில் அறிவுசால் அமைச்சர் சிலைகள். அதற்கும் கீழ்த்தளத்தில் வாளேந்திய படைத்தலைவர் சிலைகள். வாளைவிட ஏட்டிற்கே உயர்ந்த இடம் தந்தது அந்த அரசு.

தென்கிழக்கே தொலைவில், யோங்வொல் என்னும் ஊரிலுள்ள கல்லறையில் வாளேந்திய சிலைகளே இல்லை. அங்கே துயில்பவர் மன்னர் தான்ஜோங். சிற்றப்பன் சேஜோவிடம் அரியணையை இழந்து, நாடு கடத்தப்பட்டு, 1457-இல் பதினாறாம் வயதில் மாண்டவர். அவர் உடலைத் தொடவே அனைவரும் அஞ்சியபோது, ஓம் ஹுங்-டோ என்னும் உள்ளூர் அலுவலர் இரகசியமாக அடக்கம் செய்தார். 1698-இல்தான் தான்ஜோங்குக்கு மீண்டும் அரசர் என்ற பெயர் வழங்கப்பட்டது. அக்கல்லறை வளாகத்தில் ஓம் ஹுங்-டோவின் நினைவுக்கும் ஒரு சிறு மண்டபம் நிற்கிறது.

தந்தைக்கு மகன் செய்த கடன்

சியோலுக்குத் தெற்கே ஹ்வாசோங்கில் யுங்னுங் என்னும் கல்லறை உள்ளது. அதன் வரலாறு நெஞ்சை உருக்குவது. 1762-இல் யோங்ஜோ மன்னர் தம் மகன் சாடோ இளவரசரை அரிசிப் பெட்டியொன்றில் அடைத்துவைக்க ஆணையிட்டார். எட்டு நாட்களில் இளவரசர் இறந்தார். அப்போது சிறுவனாயிருந்த சாடோவின் மகன் பின்னாளில் ஜோங்ஜோ மன்னரானார். 1789-இல் அவர் தம் தந்தையின் கல்லறையை இங்கே மாற்றி, அரசர்க்கு ஒப்பான அழகோடு அமைத்தார். மேட்டைச் சூழ்ந்த கற்களில் தாமரை மொட்டுகள் செதுக்கப்பட்டுள்ளன. மற்ற கல்லறைகளைப்போல் மண்டபம் மேட்டிற்கு நேர் முன்னே நில்லாமல் ஒதுங்கி நிற்கிறது. பெட்டிக்குள் மூச்சுத் திணறிய தந்தையின் முன்னே எதுவும் மறைக்கலாகாது என மகன் எண்ணியதாக மக்கள் விளக்கம் கூறுகின்றனர். ஜோங்ஜோவும் அதே வளாகத்தில், தந்தைக்கு அருகிலேயே துயில்கிறார்.

கிண்ணத்தில் எழுதிய பெயர்

பெற்றோர் பக்தியில் சிறந்த இதே மன்னரின் ஆட்சியில்தான் கொரியத் திருச்சபை தன் முதல் மறைசாட்சியரைக் கண்டது என்பதை நாம் மறக்கலாகாது. குருக்கள் எவரும் வருமுன்னரே, நூல்களைக் கற்ற பொதுநிலையினரால் தோன்றிய திருச்சபை அது. முன்னோர் பெயர்ப்பலகைக்குப் படையலிடுதல் அக்காலத்தில் கத்தோலிக்கருக்குத் தடை செய்யப்பட்டிருந்தது. யுன் ஜி-சுங் என்னும் அறிஞர் பெயர்ப்பலகைகளை எரித்தார். 1791-இல் தாய் இறந்தபோது துக்கம் காத்தாரேயன்றிப் படையல் இடவில்லை. முன்னோரை வணங்குவதே அரசின் அடித்தளம் என்று கருதிய அவை இதைப் பெருங்குற்றமாகக் கண்டது. அவரும் உறவினர் குவான் சாங்-யோனும் அவ்வாண்டே ஜோன்ஜு நகரில் தலை வெட்டுண்டனர். அவ்விடத்தில் இன்று ஜோன்டோங் பேராலயம் எழுந்து நிற்கிறது.

அவர்கள் அடக்கம் செய்யப்பட்ட இடம் நெடுங்காலம் அறியப்படாமலே இருந்தது. 2021-ஆம் ஆண்டில், ஜோன்ஜு மறைமாவட்டத்திலுள்ள சோனாமி என்னுமிடத்துப் பழைய கல்லறைகளில் அவர்களுடைய எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. உடன் கிடைத்த வெண்பீங்கான் கிண்ணங்களில் எழுதியிருந்த எழுத்துகளே அவர்கள் யாரெனக் காட்டின. காவற்சிலைகளும் கல்விளக்கும் அவர்களுக்கு இல்லை. ஆயினும் அவர்களை அன்போடு அடக்கம் செய்த எவரோ, பெயர் அழிந்துபோகாமல் பார்த்துக்கொண்டனர். 2014-இல் சியோலில் திருத்தந்தை பிரான்சிஸ் இவ்விருவரையும் உள்ளிட்ட 124 பேரை முத்திப்பேறு பெற்றோராக அறிவித்தார்.

மன்னரும் பெற்றோரை நேசித்தார். மறைசாட்சியும் தம் தாயை நேசித்தார். அன்பைக் காட்டும் முறை ஒன்றே என்று சட்டம் வகுத்தபோதுதான் வாள் குறுக்கிட்டது. 1939-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் காலத்தில் உரோமை, இறந்தோர் முன்னும் அவர்தம் பெயர்ப்பலகை முன்னும் தலை வணங்குவது குடும்ப மரியாதையே என ஏற்றுக்கொண்டது. இன்று கொரியக் கத்தோலிக்கர் முன்னோரை வணங்கி, அவர்களுக்காகச் செபிக்கவும் செய்கின்றனர். மன்னர் கல்லறைகளிலும் அரச வழியினரின் சங்கம் ஆண்டுதோறும் பழைய முறைப்படி வழிபாட்டை நடத்தி வருகிறது.

படிப்பிற்காகவோ பணிக்காகவோ கொரியா செல்லும் நம் பிள்ளைகள் யுங்னுங்கின் தாமரைக் கற்களைப் பார்க்கட்டும். சோனாமிக்கும் சென்று வரட்டும். இங்கே இருக்கும் நாமும் நம் பங்குக் கல்லறைத் தோட்டத்தில் புல் மண்டிக் கிடக்கும் மேடுகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். சிலுவையில் எழுத்து அழிந்து வரும் பெயர்கள் அங்கே எத்தனையோ!