'சி'-ல ஆரம்பிக்கிற பெரிய வார்த்தை

மக்களே, பிளேஸ்மென்ட் ட்ரெயினிங்ல வெர்பல் கிளாஸ் ஞாபகம் இருக்கா? ஆளுக்கு ஒரு எழுத்து கொடுத்து, அதுல ஆரம்பிக்கிற பெரிய வார்த்தையா இருபது அர்த்தத்தோட எழுதிட்டு வரச் சொன்னாங்களே. எக்ஸும் இசட்டும் வந்தவங்க அழுதாங்க. எனக்கு வந்தது 'சி'. தப்பிச்சேன்னு நினைச்சேன்.

நான் இங்கிலீஷ் மீடியம். நீளமான வார்த்தையைப் பாத்தா எழுத்தை எண்ணுற பழக்கம் சின்ன வயசுலேர்ந்தே உண்டு. அதனால லிஸ்ட் மளமளன்னு வளர்ந்தது. கம்பார்ட்மென்டலைசேஷன், இருபது எழுத்து: மனசுக்குள்ள தனித்தனி அறை கட்டி, ஒண்ணோட ஒண்ணு கலக்காம வச்சுக்கிறது. சர்க்கம்நேவிகேஷன், பதினாறு: கப்பல்ல உலகத்தையே சுத்தி வர்றது. கான்ஷியன்ஷியஸ், பதிமூணு: மனசாட்சிக்குப் பயந்து வேலை பாக்குறது. இது நம்ம எல்லார் ரெஸ்யூமேலயும் இருக்கு. ரெக்கார்ட் நோட்டை யாரைப் பாத்து எழுதினோம்னுதான் அதுல இல்ல.

அடுத்தது சர்க்கம்லொக்யூஷன், பதினாலு. சொல்ல வேண்டியதை நேரா சொல்லாம சுத்தி வளைச்சுப் பேசுறது. உதாரணத்துக்கு ஒரு வாக்கியமும் எழுதணும். பேனாவை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏன்னா உதாரணம் நான்தான்.

எங்க ஊர் கருக்களாச்சேரி. காரைக்கால் கடலோரத்துல இருக்குற மீனவ ஊர். அப்பா தொழிலுக்குப் போறவர். எங்க ஊர்ல தொழில்னா கடல்தான், வேற அர்த்தம் கிடையாது. ஆறாவது படிக்கும்போது ஸ்கூல் வேன்ல ஒருத்தன் என் பக்கத்துல உட்கார்ந்ததும் மூக்கைப் பொத்திக்கிட்டு ஜன்னலைத் திறந்தான். அன்னிக்கு எங்க வீட்ல மீன்கூட வைக்கல. அதுக்கப்புறம் அப்பா என்ன பண்றார்னு யார் கேட்டாலும் 'மெரைன் ப்ராடக்ட்ஸ் பிசினஸ்'தான். காலேஜ் அட்மிஷன் ஃபார்ம்லயும் 'பிசினஸ்'னு எழுதி, கையெழுத்துக்கு அப்பாகிட்ட நீட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அந்தக் கட்டத்துல விரலை வச்சு, "இது என்னப்பா?"ன்னார். "உங்க தொழிலைத்தான் போட்டிருக்கேன்"னேன். கையெழுத்துப் போட்டார்.

அந்த உதாரணத்தை நான் எழுதல. வேற ஏதோ எழுதி ஒப்பேத்திட்டேன்.

பத்தொன்பது முடிஞ்சு இருபதாவதுக்காக அகராதி ஆப்ல தேடிக்கிட்டே போனப்ப 'காட்டமரான்' கண்ணுல பட்டது. ஒன்பது எழுத்து, அதுல நாலு ஏ. கட்டுமரத்துலேர்ந்து வந்ததுன்னு உங்களுக்கும் தெரியும், குவிஸ்ல கேப்பாங்க. எனக்கும் அவ்வளவுதான் தெரிஞ்சிருந்தது. அன்னிக்கு ராத்திரி தோண்ட ஆரம்பிச்சேன்.

வில்லியம் டாம்பியர்னு ஒரு இங்கிலீஷ்காரர். கொஞ்ச காலம் கடற்கொள்ளை, மொத்தம் மூணு தடவை உலகத்தைச் சுத்தினவர். 1697-ல வந்த அவரோட பயணப் புத்தகத்துலயே கோரமண்டல் கரையோட கட்டுமரம் அந்தப் பேரோட இருக்கு. கோரமண்டலும் 'சி'தான், பத்து எழுத்து. எக்ஸ்பிரஸ் ரயில்ல நாம படிக்கிற அந்தப் பேரு, நம்ம சோழமண்டலம். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பசிபிக் தீவுக்காரங்க ரெண்டு படகை இணைச்சு ஓட்டுவாங்க. வெள்ளைக்காரங்க அந்த மாதிரி ரெட்டைப் படகுக்கும் இதே பேரை வச்சுட்டாங்க. 1876-ல அமெரிக்காவுல நதானியேல் ஹெரஷாஃப் கட்டின 'அமரில்லிஸ்' அந்த வகை. ரேஸ்ல மத்த படகையெல்லாம் முந்திடுச்சு. அதனாலயே இந்த மாதிரி படகு இனிமே ரேஸுக்கு வரக்கூடாதுன்னுட்டாங்க. ஆக டிசைன் அவங்களோடது, பேர் மட்டும் நம்மளோடது. இன்னிக்குக் கோடீஸ்வரங்க வாங்குற காட்டமரானுக்கும் எங்க தாத்தாவோட மரத்துக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.

மரம்னுதான் தாத்தா சொல்லுவார். 2004 சுனாமி வந்தப்ப நான் கைக்குழந்தை. அவரோட மரம் அன்னிக்குப் போனதுதான். அப்புறம் பைபர் போட்டு வந்துடுச்சு. போன லீவுல அவர்கிட்ட உட்கார்ந்து கேட்டேன்: "ஏன் தாத்தா ஆணியே அடிக்கல?"

"ஆணி அடிச்சா அலை பிடுங்கிப் போட்டுரும் தம்பி. கயிறுன்னா கொடுத்து வாங்கும்."

அலை உடையுற இடத்துல மரம் ஒண்ணோட ஒண்ணு லேசா அசைஞ்சு கொடுக்கும். மேல ஏறின தண்ணி இடுக்கு வழியா தானா இறங்கிடும். இறைக்கிற வேலையே இல்ல. உள்கூடு இல்லாததால தண்ணி ரொம்பி மூழ்கவும் வழியில்ல. ஆனா மரமே தண்ணி குடிச்சு கனத்துப் போகும். அதனால கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போட்டு, திரும்பப் போகும்போது கட்டுவாங்க. ஃப்ளெக்சிபிள் ஜாயின்ட், பாய்யன்சி, மெயின்டனன்ஸ் ஷெட்யூல்னு நாலு வருஷமா நான் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணதை, அவர் வெத்தலை மென்னுக்கிட்டே பத்து நிமிஷத்துல சொல்லி முடிச்சார்.

போன வாரம் ஒரு கம்பெனிக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணப்ப, தகப்பனார் தொழில்ங்கிற இடத்துல பழைய 'பிசினஸ்' தானா வந்து நின்னது. அழிச்சுட்டு 'ஃபிஷர்மேன்'னு அடிச்சேன். பழக்கதோஷம், எண்ணிப் பாத்தேன். அதுவும் ஒன்பது.

அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டு, அட்மிஷன் ஃபார்ம்ல என்ன எழுதியிருந்தேன்னு சொன்னேன். சுத்தி வளைக்கல. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல.

"தெரியும்ப்பா. அன்னிக்கே பக்கத்துல நின்ன புள்ளகிட்ட கேட்டுக்கிட்டேன்."

எனக்கு என்ன பேசுறதுன்னு தெரியல. அவரே, "சாப்பிட்டியா?"ன்னார். சாப்பிட்டேன்னேன். விடிகாலையில தொழிலுக்குப் போகணும்னு சொல்லி வச்சுட்டார்.