யாருக்கும் எதுவும் ஆகாமல்...

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். மூன்று வருஷமாக எங்கள் வீட்டுக் காலண்டர் இப்படித்தான் ஓடுகிறது. என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. செங்கல்பட்டில் டயாலிஸிஸ் முடிந்து வீடு திரும்பினால், பிழிந்து போட்ட துணி மாதிரி படுத்துவிடுவார். தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் தாகத்தால் தவிக்கிறவரிடம், 'இன்னிக்கு இவ்வளவுதாங்க' என்று செம்பை எடுத்துக்கொண்டு போகிற பாவம் இருக்கிறதே, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கோ சர்க்கரை, நான் கொடுக்க முடியாது. எழுபத்தாறு வயது மாமியார், "என்னுதை எடுத்துக்கோங்க டாக்டர், எனக்கு எதுக்கு இனிமே ரெண்டு?" என்று போய் நின்றார். டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டாரே தவிர, ஒப்புக்கொள்ளவில்லை. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டு வந்தோம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு சங்கடம். கோயிலில் நின்று என்னவென்று வேண்டிக்கொள்வது? 'சீக்கிரம் கிடைக்கணும்' என்றால், எங்கோ ஒரு வீட்டில் இழவு விழ வேண்டும் என்றல்லவா ஆகிறது? பாதி வேண்டுதலிலேயே கண்ணைத் திறந்துவிடுவேன்.

பிளஸ் டூ படிக்கும் என் மகன்தான் ஒருநாள், "க்ளோனிங் வந்துட்டா யாருக்கும் எதுவும் ஆகாமலே அப்பாவுக்குப் புதுசா கிடைக்கும்மா" என்றான். 'யாருக்கும் எதுவும் ஆகாமல்' என்ற வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

அச்சு வெல்லம் மாதிரி, அச்சில் வார்த்தால் சிறுநீரகம் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். 1996-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த டாலி என்ற ஆட்டுக்குட்டிக்கு 277 முயற்சிகள். பிழைத்தது அந்த ஒன்றுதான். நம் நாட்டிலும் 2009-இல் கர்னாலில் எருமைக் கன்றை உண்டாக்கினார்கள். முதல் கன்று சில நாளில் இறந்தது. அடுத்து வந்த கரிமா பிழைத்தது. ஆனால் இவையெல்லாம் முழுக் குட்டிகள். தனி உறுப்பு வேண்டுமென்றால், நோயாளியின் தோல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய ஒரு கருமுட்டைக்குள் வைத்து, சில நாள் வளர்த்து, அதிலிருந்து மூலச் செல்களை எடுக்க வேண்டும். இதுவரைக்கும் 2013-இல் அமெரிக்காவில் ஓரிகன் விஞ்ஞானிகள் செய்து காட்டிவிட்டார்கள். அவருடைய செல்லே என்பதால் உடம்பு அதைத் தள்ளாது என்பதுதான் இதில் உள்ள ஆசை. ஆனால் அந்தச் செல்களை ஒரு சிறுநீரகமாக ஆக்குவது வேறு விஷயம். ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள்! நம் வீட்டில் ஒரு காபி ஃபில்டர் அடைத்துக்கொண்டாலே என்ன பாடு!

இன்னொன்றும் உறுத்தியது. அந்தக் கருமுட்டை யாருடையது? ஊசி போட்டுக்கொண்டு கொடுக்க வேண்டியவள் ஒரு பெண்தானே? 'யாருக்கும் எதுவும் ஆகாமல்' என்று எழுதுகிறவர்கள் அவளைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

க்ளோனிங் வேறு வாசல் வழியாகவும் வந்திருக்கிறது. மரபணுக்களைத் திருத்தி, க்ளோனிங் முறையில் உண்டாக்கிய பன்றியின் சிறுநீரகத்தை 2024 மார்ச்சில் பாஸ்டனில் ஒருவருக்குப் பொருத்தினார்கள். அவர் சுமார் இரண்டு மாதம் இருந்தார். 2025-இல் பொருத்தப்பட்ட இன்னொருவருக்கு அது ஏறத்தாழ ஒன்பது மாதம் உழைத்தது. இதைச் சொன்னதும் என் கணவர் முகத்தைச் சுளித்தார். மாமியாரோ, "திருவிடந்தையில போய் யாரைடா கும்பிடறோம்? வராகரைத்தானே?" என்று ஒரே போடாகப் போட்டார்!

மாமல்லபுரத்தில் இருக்கிற நாத்தனார் வீட்டுக்குப் போகும்போது திருக்கழுக்குன்றம் வழியாகத்தான் பஸ் போகும். அந்த ஊர் வந்தால் எனக்கு ஹிதேந்திரன் ஞாபகம் வந்துவிடும். 2008 செப்டம்பரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளைச்சாவு அடைந்த பிள்ளை. வயது பதினைந்து. பெற்றோர் அசோகன், புஷ்பாஞ்சலி இருவரும் டாக்டர்கள். மகனுடைய உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதித்தார்கள். இதயத்தைத் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு, போக்குவரத்தை நிறுத்திவிட்டுப் போலீஸ் வண்டியில் கொண்டுபோனார்கள். பதினோரே நிமிடம். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு அது பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் துணிந்து முன்வந்தது அதற்கப்புறம்தான்.

டாக்டர்களுக்கே மூளைச்சாவு என்றால் என்னவென்று தெரியும். ஆனாலும் வென்டிலேட்டரில் மார்பு ஏறி இறங்கும்போது 'சரி' என்று சொல்ல அந்தத் தாய்க்கு எப்படி வாய் வந்ததோ! விபத்து வேண்டுமென்று அவர்கள் யாரும் கேட்கவில்லை, நடந்துவிட்டது. நான் வேண்டிக்கொள்ள வேண்டியது அந்தச் 'சரி'க்காகத்தான் என்று பஸ்ஸிலேயே தோன்றியது. கிழக்கே காற்றில் உப்பு வாசனை வர ஆரம்பித்திருந்தது.

வீட்டுக்கு வந்து என் பெயரில் ஒரு உறுப்பு தானப் படிவம் நிரப்பினேன். சர்க்கரைக்காரியின் உடம்பில் எது உதவுமோ, அதை அப்போது டாக்டர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் கையெழுத்துப் போட்டிருந்தாலும் கடைசியில் வீட்டார்தான் சம்மதம் சொல்ல வேண்டும் என்பதால், மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?" என்று எழுந்து போய்விட்டான். ராத்திரி சாப்பாட்டுக்கு வந்தபோது, "அந்த கார்டை எங்க வெச்சிருக்கே?" என்று கேட்டான்.

ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன் என்றேன்.