ஆணியறைந்த வாங்கிகள்

நரம்புக் கலத்தின் மென்சவ்விலே வாங்கிகள் ஆணியறைந்தாற்போல் நிலைத்திருப்பன என்றே பல்லாண்டுகள் கற்பித்தேன். ஒருநாள் மாணவியொருத்தி எழுந்து, “அப்படியாயின் கற்றல் எவ்வாறு நிகழும், சேர்?” என வினவினாள். “அது பரீட்சைக்கு வேண்டியதன்று” என்றேன்.

2003இல் பாரிஸ் ஆய்வாளர், எலியின் முண்ணாண் நரம்புக் கலங்களிலே கிளைசீன் வாங்கிகளுக்கு ஒளிரும் நுண்மணிகளைப் பூட்டித் தனித்தனியே தொடர்ந்தனர். சவ்வின்மேல் அவை அலைந்து திரிந்தன. நரம்பிணைப்பை எய்தியதும் வேகந் தளர்ந்தன. அங்கே கெபிரின் என்னும் புரதம் அவற்றைப் பிடித்து வைக்கின்றது, சிறிது பொழுதுக்கு மட்டும். கலத்தினுள்ளே அவற்றைச் சுமந்து வருவது கைனசின். நுண்புன்குழாய் வழியே அடிக்கு 8 நனோமீற்றராக நடக்கும் கூலியாள் அது. கற்றலின்போது குளூற்றமேற்று வாங்கிகளும் இவ்வாறு வந்து சேர்ந்தே இணைப்பை வலுப்படுத்துகின்றன.

அன்றிரவு பழைய விரிவுரைக் குறிப்பை எடுத்து, ‘நிலைத்திருப்பன’ என்ற சொல்லை வெட்டினேன். அவள் பட்டம் பெற்றுச் சென்று நெடுநாளாகியிருந்தது.